காற்றுக் குறையாத சிலிண்டர்

தையல்காரி தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் இருக்கத் தொடங்கியது கடலில் இறங்கிய முதல் வாரத்தில். அதனால் ஊரில் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. துறைமுக அலுவலகத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்த அலுவலகத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கப்பல் வரும் வழியைத் தோண்டி எடுக்கும் சேற்றைக் கொட்ட அவர்கள் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு முன்னால் கடல் கொஞ்சம் உள்ளே வந்து அமைதியாகக் கிடக்கும் குடா ஒன்று இருக்கிறது. அங்கே வெறும் மணல், உயிர் என்று ஒன்றும் கிடையாது என்று அதிகாரி தன் ஜன்னல் வழியாகப் பார்த்தே முடிவு கட்டிவிட்டார். ஜன்னல் வழியாக! அந்த மனிதர் கணுக்கால் நனையக்கூடக் கடலில் நின்றவரில்லை. மறுப்பு இருந்தால் மழை தொடங்குவதற்குள் அங்கே இருக்கும் உயிர்களைக் கணக்கெடுத்துக் காட்டலாம் என்று வாசலில் ஓர் அறிவிப்பையும் ஒட்டினார். யார் காட்டிக் கிழிக்கப்போகிறார்கள் என்ற தைரியம், வேறென்ன.

காட்டுகிறேன் என்று கிளம்பினாள் ஒருத்தி. கப்பல்களின் அடிவயிற்றில் தண்ணீருக்குள் வெல்டிங் செய்தவள். முதுகு வலி வந்து வேலையை விட்டிருந்தாள். கடலில் இறங்கிக் கணக்கெடுக்க ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்று அவள் சொன்னதும் கொஞ்சம் பேர் வந்தார்கள், பாதிப் பேர் ஓடினார்கள். மிஞ்சியவர்களில் தையல்காரியும் பல் டாக்டரும் உண்டு. நகராட்சி நீச்சல்குளத்தில் பயிற்சி. வெல்டிங்காரி டிபன் டப்பா மூடிகளில் மீன், நண்டு, திருக்கை என்று வரைந்து குளத்தின் அடியில் போட்டுவைப்பாள். அளவுநாடாவை நேராக விரித்து, அதன்மேல் மெதுவாக நீந்தி, இரண்டு பக்கமும் கையெட்டும் தூரத்தில் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். எதையும் தொடக்கூடாது. பின்னால் போனதைத் திரும்பிப் பார்த்து எண்ணக்கூடாது. இருக்கும் என்று தோன்றுவதை எழுதவே கூடாது. பல் டாக்டர் முதல் நாளே குளத்தின் வடிகால் மூடியைத் திருக்கை என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். தையல்காரிக்கு ஒரு தப்பும் வரவில்லை. நாடாவும் அளவும் அவளுக்குப் புதிதா என்ன?

பிறகு குடாவில் இறங்கினார்கள். கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒரு கடல்குதிரையைப் பார்க்கக் குனிந்தபோது தையல்காரியின் வாயிலிருந்து காற்றுக்குழாய் நழுவியது. திரும்ப வைத்துக்கொள்ள மறந்துபோனாள். அவள் மேலே வந்ததும் வெல்டிங்காரி அவளுடைய சிலிண்டரின் காற்றுமானியைப் பார்த்தாள். காற்று துளியும் குறையவில்லை என்று காட்டி ஊசி நின்றது.

“குழாய வாய்ல வெச்சுக்கணும்னு எத்தனை தடவ சொல்றது?”

“மறந்துட்டேங்க. அடுத்த தடவ வெச்சுக்கறேன்.”

அடுத்த தடவையும் மறந்தாள். பல் டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்து, ஒன்றும் பயமில்லை, பின்னால் ஒரு பல்லில் சொத்தை இருக்கிறது என்றார். அதன்பிறகு யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மற்றவர்கள் குளிரில் பல் கிடுகிடுக்க மேலே ஏறிவிடுவார்கள். அவள் பொழுது சாயும்வரை கீழேயே இருப்பாள். மற்றவர்கள் விடும் குமிழிச் சத்தத்தில் பாதி உயிர்கள் ஓடி ஒளிந்துகொண்டன. அவளிடம் சத்தமே இல்லை. கடல் அட்டைகள், ஊசிபோல் மெலிந்த மீன்கள், மணலுக்குள் கண் மட்டும் தெரியப் படுத்திருக்கும் திருக்கைகள், குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கும் ஆண் கடல்குதிரைகள் என்று அந்தக் குடா முழுவதும் ஒரு குடியிருப்பே இருந்தது. எல்லாவற்றையும் அவள் எண்ணிக்கொண்டு வந்தாள்.

அதிகாரி பல் டாக்டரின் கணக்கைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், அதில் உயிர்கள் கம்மி. தையல்காரியின் கணக்கைத் தள்ளிவிட்டார்.

“சிலிண்டர்ல காத்து குறையலன்னா நீங்க இறங்கலன்னுதான்மா அர்த்தம்.”

“இறங்கித்தாங்க பாத்தேன். நீங்களே வந்து பாருங்களேன்.”

“அதுக்கெல்லாம் விதியில இடமில்ல.”

அலுவலக மூலையில் தீயணைக்க வைத்திருந்த வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. தையல்காரி விடுவிடுவென்று போய் அதற்குள் தலையை முக்கிக்கொண்டாள். அதிகாரி டீ குடித்தார், பேப்பர் படித்தார், போனில் மச்சானோடு பேசினார். அவள் தலையை எடுத்ததும், வாளி கடல் ஆகாது என்றார். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா? இருந்தார், பென்ஷனும் வாங்கினார்.

படகிலேயே சிலிண்டரைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடலாமே என்று பல் டாக்டர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாக்காதத எழுதக்கூடாதுன்னு கத்துக்கிட்டு வந்து, விடாத மூச்ச விட்டேன்னு எழுதணுமா டாக்டர்?” என்றாள். சேற்றுப் படகு குடாவின் வாயில் வந்து நங்கூரம் போட்டு, மழைக்காகக் காத்திருந்தது.

தையல்காரியின் புருஷன் பேக்கரி வைத்திருந்தான். தொப்பைக்காரன், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், தண்ணீர் என்றால் பயம். தலைக்குக் குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குளிப்பவன். அன்று அவன் மாவுக் கையைக்கூடக் கழுவாமல் வெல்டிங்காரியின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“எம் பொண்டாட்டிய பொய்க்காரிங்கறான். அவன் மூஞ்சில கரியப் பூசணும். எனக்குக் கத்துக்குடுங்க.”

கற்றுக்கொண்டான். நீச்சல்குளத்தில் அவன் குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. கடலில் இறங்கிய அன்று, பயத்தில் அவன் இழுத்த இழுப்பில் சிலிண்டர் மளமளவென்று காலியானது. தையல்காரி அவன் கையை விடாமல் பிடித்து நாடாவின் ஓரமாகக் கூட்டிப்போனாள். அவ்வளவு குமிழிச் சத்தத்திலும் எதுவும் ஒளியவில்லை. வீட்டுக்காரி கூட்டிவந்த விருந்தாளி என்று இருந்துவிட்டன போலிருக்கிறது. ஒவ்வொன்றாக அவள் காட்டக் காட்ட, அவன் தன் கண்ணால் பார்த்து எழுதினான். காற்று தீர்ந்தால் மேலே வருவான், வேறு சிலிண்டரோடு இறங்குவான். மழை தொடங்குவதற்குள் குடா முழுவதையும் எழுதி முடித்தான். அவள் எண்ணியதும் அவன் எண்ணியதும் ஒன்றே.

அதிகாரி காலி சிலிண்டர்களைத் தட்டிப் பார்த்து அவன் கணக்கில் முத்திரை குத்தினார். சேற்றுப் படகு கிளம்பிப்போனது. குடா பிழைத்தது.

“ஐயா, நான் இல்லைங்க. அவதான் காட்டுனா. அவ பேரப் போடுங்க,” என்று பேக்கரிக்காரன் மேஜையைத் தட்டினான்.

“மூச்சு விட்டது நீங்கதானே,” என்றார் அதிகாரி.

குடாவின் உயிர்களைக் கண்டறிந்தவர் என்று பேக்கரிக்காரன் பெயரைப் பொறித்து, படகுத்துறையில் பலகை வைத்தார்கள். அவன் அதைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். மறுபடி வைத்தார்கள், மறுபடி எறிந்தான். வெட்கங்கெட்டவர்கள் இன்றுவரை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. தையல்காரிக்கு அந்த எரிச்சல் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒருநாள் முழுக்க அழுதாள், கடலுக்கடியில் அழுததால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு வெல்டிங்காரியோடு சேர்ந்து அடுத்த கூட்டத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போனாள். இப்போது ஊரில் ஏழெட்டுப் பேர் காற்றில்லாமல் இறங்குகிறார்கள், பல் டாக்டர் உட்பட. வேலை முடிந்து ஈரத்தலையோடு தெருவில் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். அலுவலகக் கணக்குப்படி அவர்களில் ஒருவர்கூட இன்னும் கடலில் கால் வைக்கவில்லை.