பரண்மேல் பச்சைக்காய்

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஆம்பளைகள் குடங்களோடு ஓடைப்பக்கம் இறங்கியதும், அன்னக்கொடி உரல்மேல் ஏறி நின்று ஓட்டுக்கு மேலே நீட்டியிருந்த புகைக்குழாய்க்குள் கையை விட்டாள். பெற்றவளை முற்றத்தில் கிடத்திவிட்டு இதென்ன கூத்து என்று பெண்கள் ஒப்பாரியை நிறுத்திப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மூன்று வருசம் எரிந்த அடுப்புக்குக் குழாயில் நாலு நாள் கரிதான் இருந்தது.

எண்பத்திரண்டில், மதுரையில் கல்லூரி இரண்டாம் வருசம் படிக்கையில், சேவை முகாமோடு சொந்த ஊரான குரங்கணிக்கே வந்து அவளே மண் குழைத்துப் போட்ட புகையில்லா அடுப்பு அது. பாதி விறகு போதும், காடு தப்பிக்கும், காடு இருந்தால்தான் மழை என்று ஊரைக் கூட்டிப் பேசினாள். ஆத்தா மருதாயிதான் முதலில் தலையாட்டினாள். மறுவருசமே மழை பொய்த்து ஏலச்செடி கருகவும், இன்னும் பதினோரு வீடு போட்டது.

நேற்று ஆத்தாவுக்கு மூச்சு நின்றது. போடி டாக்டர், புகை தின்ற நெஞ்சு என்றார். புகையில்லாத வீட்டில் எந்தப் புகை?

தம்பி சின்னமுத்து பெண்டாட்டி ராக்குமேல்தான் சந்தேகம். அடுப்பு வாயில் பெருங்கட்டை நுழையவில்லை என்று முதல் நாளே முனகியவள் அவள். அன்னக்கொடி அவளை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். அடுப்பிலிருந்து குழாய் கிளம்பும் வாயில் மண் பூசியிருந்தது. பெயர்த்தாள். உள்ளே துணி. அன்னக்கொடியின் பழைய நீலத் தாவணி.

"யாருடி அடைச்சது?"

ராக்கு அழவில்லை. "நான் ரெண்டு தரம் பிடுங்கிப் போட்டேன் மதினி. அத்தை திரும்பத் திரும்ப அடைச்சாக. நீங்க லீவுக்கு வர்றப்ப மட்டும் எடுத்து வைப்பாக."

"எதுக்கு?"

ராக்கு அடுப்புக்கு மேலிருந்த பரணைக் காட்டினாள். மூங்கில் தட்டில் பாதி காய்ந்த ஏலக்காய்.

"எஸ்டேட் ஸ்டோருல காய வைக்கக் குடுத்தா எடையில அடிச்சிருவான். புகை வெளிய போயிட்டா பரணுல சூடு நிக்காது, காய் பூசணம் பூத்துரும். ஒங்க ஆஸ்டல் பீசு வேற எதுல வந்துச்சுன்னு நெனைக்கிறீக?"

தம்பி அனுப்புகிறான் என்றுதான் ஆத்தா சொல்லியிருந்தாள்.

"இப்ப இது எதுக்கு? நாந்தான் படிச்சு முடிச்சுட்டேன்ல."

"பி.எட். படிக்கணும்னு எழுதியிருந்தீகள்ல."

மற்ற பதினோரு வீட்டுக் குழாயும் இப்படித்தானா என்று அன்னக்கொடி கேட்டாள். ராக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அத்தை சொல்லக் கூடாதுன்னாக. ஒங்க பேரு கெட்டுருமாம்."

வாசலில் குடங்கள் இறங்கும் சத்தம். "அக்கா, தண்ணி வந்துருச்சு" என்றான் சின்னமுத்து.

சாவு வீட்டில் இன்னும் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது. அன்னக்கொடி எட்டித் தட்டை இறக்கினாள். நேற்றிலிருந்து சூடு படாததில் அடிக்காய்கள் ஈரங்கோத்திருந்தன. விரல்களை உள்ளே விட்டு, அடியில் கிடந்தவற்றை மேலே புரட்டத் தொடங்கினாள்.