மோர்டனிலிருந்து நான்கு நிமிடம்

சுசிலா மோர்டனிலிருந்து குரோய்டனுக்கு நான்கு நிமிடத்தில் நடந்து போவாள். மற்றவர்களுக்கு அந்தத் தூரம் நடையில் ஒன்றே முக்கால் மணி நேரம், டிராமில் அரை மணி நேரம். அவள் வேகமாக நடப்பவள் அல்ல. பள்ளிக்கூடச் சமையலறையில் பதினொரு வருடம் நின்று வேலை செய்ததில் இடது முழங்காலில் வலி இருந்தது. போக வேண்டிய இடத்தையோ பார்க்க வேண்டிய ஆளையோ நினைத்துக்கொண்டு வீட்டிலிருந்து இறங்குவாள். மூன்றாவது தெருமுனையில் திரும்பும்போது போய்ச் சேர்ந்திருப்பாள். கடலுக்கு அப்பால் இது வேலை செய்யவில்லை. ஒருமுறை வவுனியாவை நினைத்து இறங்கி பிறைட்டன் கடற்கரையில் போய் நின்றாள். திரும்பி வரவும் நான்கு நிமிடம்தான் எடுத்தது.

இது 2012இல் தொடங்கியது. லண்டனில் தமிழர்களின் விழா மண்டபங்கள் பெரும்பாலும் ரயில் நிலையத்துக்குத் தூரத்தில் இருக்கும். அங்கே வருகிறவரிடம் முதலில் கேட்பது சுகமா என்பதல்ல, என்னத்திலை வந்தனீங்கள் என்பது. கார் இல்லாதவர்கள் சாப்பிட்டு முடிந்ததும் பலகாரப் பையைப் பிடித்துக்கொண்டு வாசலோரம் நிற்பார்கள். யாராவது வந்து, வாங்கோ இறக்கிவிடுறம் என்று சொல்லும்வரை நிற்பது வழக்கம். கேட்கக் கூடாது. நிற்க வேண்டும். அன்று குரோய்டனில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு விழா. அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி ரதீசன், நில்லுங்கோ அக்கா, காரை எடுத்துக்கொண்டு வாறன் என்று சொல்லிப் போனான். நாற்பது நிமிடம் நின்றாள். மண்டபத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். வீட்டை நினைத்துக்கொண்டு நடந்தாள். ஒரு மணி நேரம் கழித்து ரதீசன் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தபோது அவள் குளித்து, சேலையை மடித்து, தேநீர் குடித்து முடித்திருந்தாள். வேறு யாரோ இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். பிறகு சந்தேகம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடன் பக்கத்தில் நடந்து பார்த்தான். சுசிலா நான்கு நிமிடத்தில் குரோய்டனை அடைந்தாள். ரதீசன் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வேர்த்துக்கொண்டு வந்தான். அவன் சட்டைப் பையில் கார்ச் சாவி இருந்தது. அடுத்த ஞாயிறு சாவியை வீட்டில் வைத்துவிட்டு வந்தான். அவனுக்கும் நான்கு நிமிடம். கார்ச் சாவி வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது என்பது அப்படித்தான் தெரிந்தது.

குரோய்டனில் அகதி விண்ணப்பங்களைப் பார்க்கிற உயரமான அரசாங்கக் கட்டடம் இருந்தது. அங்கே வரச் சொல்லித் தவணை கொடுக்கப்பட்டவர்களை அவள் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். காலை எட்டேமுக்காலுக்கு அவள் வீட்டு வாசலில் இரண்டு பேர், சில நாட்களில் ஆறு பேர், கடித உறைகளுடன் நிற்பார்கள். சாவி இருக்கோ என்று கேட்பாள். கார் வாங்கக்கூடிய நிலையில் அவர்களில் யாரும் இல்லை. ஒன்பதுக்கு முன்பே அந்தக் கட்டடத்தின் வாசல் வரிசையில் நிற்பார்கள். யாராவது ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வாள். வேறெதுவும் வாங்கமாட்டாள்.

அவள் கணவன் கிருஷ்ணராசா பதினான்கு வருடம் பாரிசில் இருந்துவிட்டு 2006இல் லண்டன் வந்தவன். பிளேஸ்டோவில் ஒரு மளிகைக் களஞ்சியத்தில் பெட்டி இறக்கும் வேலை. காலை ஐந்திலிருந்து பகல் இரண்டுவரை ஷிப்ட். பிரெஞ்சு லைசென்ஸ் வைத்திருந்தான். ஆனால் கார் வேண்டாம் என்றான். "ட்ரெயின் இருக்கு, பஸ் இருக்கு, உமக்குக் கால் இருக்கு. பிறகு என்னத்துக்குக் கார்?" என்பான். இன்சூரன்சும் பார்க்கிங்கும் மனிதனைத் தின்றுவிடும் என்பான். மூன்றரைக்கு வீடு வந்து சேருவான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இருவரும் நான்கு மணிக்குச் சாப்பிட்டார்கள்.

2015இல் அவன் நாலேகாலுக்கு வரத் தொடங்கினான். அடுத்த வருடம் ஐந்தரை. அதற்கடுத்த வருடம் ஏழு. ரயில் பிந்தியதா என்று சுசிலா கேட்டாள். இல்லை, வழிதான் நீண்டுவிட்டது என்றான். ஸ்டொக்வெல்லுக்கும் கிளாப்பமுக்கும் நடுவே ரயில் முன்பு ஓடாத தூரமெல்லாம் ஓடுகிறது என்றான். பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீர் சுருக்கிற தூரம் எங்கையாவது போய் விழத்தானே வேணும். எல்லாம் என்ர பாதையிலைதான் வந்து விழுது" என்றான்.

சுசிலா அதை நம்பினாள். ஒரு வீட்டில் ஒரு மாயம் உண்மையாக இருந்தால் இரண்டாவதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை. தன்னால் ஒரு மனிதன் வேலை முடிந்தும் மணிக்கணக்காக ரயிலில் இருக்கிறான் என்பது அவளுக்குச் சோறு இறங்காத விஷயமாயிற்று. முதலில் கடைக்கு நடப்பதை விட்டாள். பிறகு கோயிலுக்கு. அவன் இன்னொன்றும் கேட்டான்: தன்னை நினைத்து மட்டும் ஒருபோதும் நடக்க வேண்டாம், நடந்தால் வழி அறுந்துபோகும். அதற்கும் ஒப்புக்கொண்டாள். குரோய்டன் நடையைக் கிழமையில் ஒரு நாளாகக் குறைத்தாள். அவன் ஒன்பது மணிக்கு வரத் தொடங்கினான். 2021 ஐப்பசியில் அதையும் நிறுத்தினாள். வாசலில் நின்றவர்களுக்கு டிராம் எடுக்கும் இடத்தைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மாடி அறையில் பிரதாபன் என்றொருவன் வாடகைக்கு இருந்தான். வவுனியாவில் வெல்டராக இருந்தவன். மனைவி இறந்துவிட்டாள், மகள் ஜதுர்ஷிகா அங்கே மாமி வீட்டில் இருந்தாள். அவனுக்கு விசா கிடைத்தால் மகளைக் கூப்பிடலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கக் கூடாது. 2022 மாசியில் அவனுக்கு நேர்காணல் கடிதம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி.

அது சுசிலாவின் கல்யாண நாள். "இண்டைக்கு நாலு மணிக்கு வீட்டிலை நிப்பன். நீர் மட்டும் காலைத் தூக்காதேயும்" என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணராசா விடிய முன் வேலைக்குப் போனான். ஏழு மணிக்குப் பிரதாபன் படியிறங்கி வந்தான்.

"அக்கா, இண்டைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"ஏலாது தம்பி. டிராம் இருக்குத்தானே."

"வெளியிலை காத்தைப் பாருங்கோ. டிராமை நம்பி இருக்கேலுமோ?"

"இப்பவே வெளிக்கிடுங்கோ. ரெண்டு மணித்தியாலம் கிடக்கு."

அவன் உடனே வெளிக்கிட்டான். அன்று அடித்த காற்றில் தண்டவாளத்தில் மரம் விழுந்தது. டிராம் இரண்டு தரிப்புகளுக்கு நடுவே நின்றது. இறங்கி ஓடி, ஒன்பது ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தான். வேறொரு தவணை தபாலில் வரும் என்றார்கள். சுசிலா நண்டுக்கறி வைத்துக் காத்திருந்தாள். கிருஷ்ணராசா ஒன்பது மணிக்கு வந்தான். பசியில்லை என்றான்.

"நீர் நடந்தனீரோ?"

"இல்லை. சத்தியமா நடக்கேல்லை."

"அப்ப பழசு. பழசு கரைய நாள் எடுக்கும்."

பிரதாபனின் கதையைச் சொன்னாள். பாவம் என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டான்.

புதிய தவணை பதினொரு மாதம் கழித்து வந்தது. அதற்கும் பிறகு, 2023 பங்குனி இருபத்தொன்றாம் திகதி, விசா கிடைத்த கடிதம் வந்தது. பிரதாபன் அதைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தான். ஜதுர்ஷிகாவுக்குப் பங்குனி இரண்டாம் திகதி பதினெட்டு முடிந்திருந்தது.

"அண்டைக்கு ஐம்பது நிமிசம் பிந்தினனான், அக்கா. அது பத்தொன்பது நாளா வந்து நிக்குது," என்றான். சத்தம் போடவில்லை. கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு மேலே போனான்.

அடுத்த சனிக்கிழமை காலையிலிருந்து சுசிலா மேசையை விட்டு எழும்பவில்லை. ஒன்றரை வருடமாக அவள் ஓர் அடிகூடச் சுருக்கி நடக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றாள், மழையில் நனைந்தாள், முழங்காலுக்கு ஊசி போட்டாள். அவனுடைய வழி ஒரு நிமிடமும் குறையவில்லை. மூன்று மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒப்புக்கொண்டதை மீறி, கணவனின் முகத்தை நினைத்தபடி படியிறங்கினாள்.

மூன்றாவது தெருமுனையில் பிளேஸ்டோ வந்தது. களஞ்சியம் வரவில்லை. மஞ்சள் கதவுள்ள ஒரு வீட்டின் முன் நின்றாள். மணி அடித்ததும் அவளுடைய வயதுடைய ஒரு பெண், கையில் கோதுமை மாவுடன், கதவைத் திறந்தாள். பெயர் றஜீனா. பின்னால் சமையலறையில் கிருஷ்ணராசா சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். மோர்டன் வீட்டில் அவன் கத்தி பிடித்ததும் இல்லை.

"ஆர் நீங்கள்?" என்றாள் றஜீனா.

"சுசிலா. மோர்டன்."

றஜீனா அவளைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

"மூண்டுக்கு."

மணி மூன்று கடந்து நான்கு நிமிடம்.

"அவர் அங்கை போய்ச் சேர நாலு மணித்தியாலமாம்," என்றாள் றஜீனா. "நீங்கள் நடந்து நடந்து வழியை நீட்டிப்போட்டியளாம். அதுதான் நான் ஒருநாளும் மறிக்கிறேல்லை. வழியிலை பசிக்குமெண்டு உங்களைத் திட்டித் திட்டிச் சாப்பாடு கட்டிக் குடுக்கிறனான்."

"அவர் என்னட்டை வந்து பசியில்லை எண்டுறவர்," என்றாள் சுசிலா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கிருஷ்ணராசா துருவலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். அறைக்குள் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தான். "வாரும், போவம்," என்றான் சுசிலாவிடம். றஜீனா மாவுக் கையுடன் கதவைச் சாத்தினாள்.

சுசிலா நடந்தாள். அவன் பக்கத்தில் நடந்தான். தோளோடு தோள் படும் அளவு கிட்டத்தில்தான் நடந்தான். மூன்றாவது தெருமுனையில் அவள் வீட்டு வாசலில் நின்றாள். பக்கத்தில் யாரும் இல்லை. போன் அடித்தது.

"உம்மட பக்கத்திலைதான் வந்தனான். இப்ப பிளேஸ்டோ ஸ்டேஷன் வாசல்லை நிக்கிறன்."

"உங்கட பொக்கற்றுக்குள்ளை என்ன கிடக்கு?"

போனுக்குள் சாவி உரசும் சத்தம் கேட்டது.

"சின்னக் கார்தான், சுசிலா."

"எத்தினை வருசம்?"

"ஏழு."

ஏழு வருடத்தில் மண்டப வாசல்களில், நடக்க மறுத்த அவனுக்குத் துணையாக, அவள் எத்தனை தரம் பலகாரப் பையுடன் அவனருகில் நின்றாள் என்பதை அவள் எண்ணவில்லை. அவனும் வாயைத் திறக்காமல்தான் நின்றான்.

"அப்ப காரிலையே வாங்கோ," என்றாள்.

அவன் நாலு மணிக்குக் காரை எடுத்தான். வழிகாட்டும் போன் ஒரு மணி பத்து நிமிடம் என்று காட்டியது. ஆறு மணிக்கும் ஒரு மணி பத்து நிமிடம் என்றே காட்டியது. அடுத்த நாள் காலையிலும் அப்படியே. தேம்ஸைத் தாண்டிவிட்டதாகப் புதன்கிழமை போன் எடுத்தான். வெள்ளிக்கிழமை ஆறு மறுபடி முன்னால் கிடக்கிறது என்றான். அவள் ஒன்பது வருடம் சுருக்கிய தூரம் எங்கே விழும் என்று அவன் சொல்லியிருந்தானோ அங்கேயே விழுந்தது. திரும்பி பிளேஸ்டோவுக்குப் போகவும் பார்த்தான். அதற்கும் ஒரு மணி பத்து நிமிடம். பெற்றோல் அடித்தான், காருக்குள் தூங்கினான், இரண்டு தரம் டயர் மாற்றினான். ரதீசன் ஒரு சுற்றுவட்டத்தில் அவனைக் கண்டு கை காட்டினான். தாடி வைத்திருக்கிறார், மற்றபடி சுகம் என்று வந்து சொன்னான்.

சுசிலா குரோய்டன் நடையை மீண்டும் தொடங்கினாள். எட்டேமுக்காலுக்கு வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். பிரதாபன் இன்னும் மாடியில்தான் இருக்கிறான். குரோய்டனில் வெல்டிங் வேலை கிடைத்துவிட்டது. அவள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது அவன் படியிறங்கி, குட் மோர்னிங் அக்கா என்று சொல்லிவிட்டு, டிராமுக்குப் போகிறான். அவளும் கூப்பிடுவதில்லை. பின்னேரங்களில் மாடியிலிருந்து அவன் மகளுடன் போனில் கதைக்கும் சத்தம் கேட்கும். அப்போது அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுவாள்.

இந்த வருடம் தையில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனாள். வாசலில் வரவேற்ற அனோஜினி கேட்டாள்:

"என்னத்திலை வந்தனீங்கள், அக்கா?"

"நடந்து."

"அண்ணை வரேல்லையோ?"

"காரிலை வந்துகொண்டிருக்கிறார்," என்றாள் சுசிலா.

அனோஜினி தலையாட்டிவிட்டு, சாப்பாடு முடிய முன் உள்ளே போகச் சொன்னாள்.