ஒரு சொல் அளவு உப்பு

1.
ஒரு குளத்தை, கரையில் கால் வைக்காமலே, ஒரே பேனைக் கீறலில் கடலாக்கினவன் நான். அதில் பாய்க்கப்பலும் விட்டனான். நாற்பது வருஷமாக மூதூர்த் துறையடியில் இதைச் சொல்லித் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். எல்லோரும் "ஓம், ஓம்" என்று சிரிப்பார்கள். சம்பூர்க் கோணேஸ்வரி மட்டும் முகத்துக்கு நேரே "பொய்" என்பாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. (பொய் இல்லை. அதுதான் பிரச்சினை.)

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: "குளத்தங்கரையில் ஒரு விதவை அழுதுகொண்டு..."

வெட்டிவிட்டேன். கோணேஸ்வரி அழுகிற ஆள் இல்லை. இரண்டாயிரத்து ஆறில் சண்டைக்குப் பயந்து ஓடி, பத்து வருஷம் முகாமில் கிடந்து திரும்பினால், குளத்தோரத்தில் இருந்த அவளுடைய வயலைச் சுற்றி வேலி, அதில் ஒரு பலகை. "களப்பு ஓரம். பயிர் செய்யத் தடை." நில அளவைக் கந்தோரில் கேட்டால், அவர்களுடைய வரைபடத்தில் அப்படித்தானாம்.

"குடிச்ச தண்ணி நானா அது. களப்பெண்டால் உப்பெல்லோ?" (நானா என்றால் அண்ணன். களப்பு என்றால் கடல் ஏறி உப்பாகிற நீர்நிலை.)

"நான்தானே தங்கச்சி கடலாக்கினது."

"உங்கட கதையை விடுங்கோ. நீங்களும் கந்தோரில படம் வரைஞ்ச ஆள்தானே. பாக்காமல் எழுதுவாரா ஒரு மனுசன்?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்

(வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.)

3.
பிறகு ரிஸ்லா வந்தாள். பழங்கால மழையையும் வரட்சியையும் குளத்துச் சேற்றில் தேடுகிற ஆராய்ச்சிக்காரி. எங்கள் குளத்திலும் குழாய் இறக்கி ஐம்பது முழம் சேறு உருவினாள். (ஐந்து முழம். அவள் திருத்தச் சொன்னாள்.) அதற்குள் எள்ளிலும் சின்ன ஓடுகள், இறாலின் தூரத்துச் சொந்தம், சிப்பி மாதிரி இரட்டை ஓட்டுக்குள் வாழ்ந்து செத்தவை. நல்ல தண்ணியில் ஒரு சாதி, உப்பில் இன்னொரு சாதி. எந்த அடுக்கில் எது கிடக்கிறதோ, அந்தக் காலத்துத் தண்ணி அது.

"நாலாயிரம் வருஷம்," என்றாள். "ரெண்டு பெரிய வரட்சியில கொஞ்சம் உவர் ஏறியிருக்கு. மற்றபடி நல்ல தண்ணி."

"எண்பத்து நாலில?" என்று கேட்டேன். படம் கீறின வருஷம் அது.

"கடல் வந்ததுக்கு ஒரு ஓடுகூட இல்லை நானா."

ஓடுகளுக்குக் கற்பனை கிடையாது.

4.
ரிஸ்லாவின் அறிக்கையோடு நானும் கோணேஸ்வரியும் கந்தோருக்குப் போனோம்.

"ஓடு பதிவேடாகாது," என்றார் அதிகாரி. "படம் பிழையெண்டால் வரைஞ்சவர் வந்து எழுதித் தரட்டும்."

"நான்தான்."

"ஹிஸ்புல்லா நானா, உங்கட கடல் கதை எனக்கும் தெரியும்," என்று சிரித்தார்.

படத்தை எடுக்கச் சொன்னேன்.*

* எண்பத்து நாலு மாரிகாலம். பாதையெல்லாம் வெள்ளம், குளத்தை அளக்க நான் போகவில்லை. கொட்டியாரக் குடாவில் வள்ளத்தில் இருந்து பார்க்க எல்லாத் தண்ணியும் ஒன்றாகத் தெரிந்தது. குளம் என்பது சின்னச் சொல்லாகப் பட்டது. களப்பு என்று எழுதினேன். அழகுக்கு ஒரு கப்பலும் கீறினேன்.

5.
முடிவு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் அதிகாரி அந்தச் சொல்லை வெட்டுகிறார். மற்றதில் படத்தைச் சுருட்டி அலுமாரிக்குள் வைக்கிறார். எது என்று நீங்களே எழுதுங்கள். நான் பார்க்காமல் எழுதினது போதும்.

பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மூலையில் என் கையெழுத்து. களப்பின் நடுவில், நகத்தளவு பாய்க்கப்பல். கோணேஸ்வரி அதன்மேல் விரலை வைத்தாள், எடுக்கவில்லை.

"ஓம்," என்றாள், நானா என்று சொல்லாமல். "கடலாக்கித்தான் இருக்கிறீங்கள்."