நாகு மாமாவின் ஷீட்

காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கம்ப்யூட்டர் நாகேஸ்வரனை யார் என்று கேட்டது.

பெயரை அதுவே காட்டியது. பாஸ்வேர்டை மட்டும் அவர் சொல்ல வேண்டும். சொன்னார். தப்பு என்றது. பெரிய எழுத்துப் பொத்தான் தவறி அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதையே மறுபடி அடித்தார். தப்பு. மூன்றாம் தடவை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். பூட்டிவிட்டேன், அரை மணி கழித்து வா என்றது.

அரை மணி என்று வைத்தது நாகேஸ்வரன்தான்.

ஓர் அரசு ஆபீஸில் கம்ப்யூட்டர் செக்ஷனைப் பதினைந்து வருஷம் ஆண்டவர் அவர். பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்கக் கூடாது. நாற்பத்திரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பழையதைத் திரும்ப வைக்கக் கூடாது. மூன்று தடவை தப்பினால் அரை மணி வெளியே. எல்லாம் அவர் போட்ட சட்டம். பூட்டப்பட்டவர்கள் அந்த அரை மணியில் காண்டீனுக்குப் போய் அவரைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்கள். ரிட்டயரான அன்று பொன்னாடையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அவற்றோடு அந்தச் சட்டங்களையும் கரமனைக்குக் கொண்டுவந்து, தன் ஒருத்தருக்காக, வீட்டு மெஷினில் நிறுவிக்கொண்டார். திருடன் வந்தால் ஏமாந்து போவான் என்றார் மனைவி சாவித்ரியிடம். திருடன் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும், மூலையாவது காலியாகும் என்றாள் அவள்.

மெஷினுக்கு இருபது வயது. உள்ளே இருப்பது எக்ஸ்பி. செய்த கம்பெனியே கைகழுவி வெகு நாளாயிற்று. கிழக்கேகோட்டையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பினு, இதைத் தொடுவதற்குத் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். நாகேஸ்வரனும் அதை வருஷத்துக்கு ஒரு நாள்தான் தொடுவார். மலையாள வருஷம் தொடங்குகிற சிங்கமாசம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால். ஷீட்டுக்காக.

ஷீட் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்து மூன்று வீடுகளில் யார் யாருக்கு என்று சிராத்தம், என்ன திதி, இந்த வருஷம் அது எந்தத் தேதியில் வருகிறது என்று ஒரே தாளில் இருக்கும். அதற்கான புரோகிராமை நாகேஸ்வரன் சொந்தமாக எழுதினார், ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டு வருஷம். செத்த நாளையும் நேரத்தையும் கொடுத்தால் சந்திரன் அப்போது எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துத் திதியைச் சொல்லும். காலண்டரோடு வித்தியாசம் வந்தால் காலண்டரில் இருப்பது பழைய கணக்கு, இது வானத்துக் கணக்கு என்பார். வானத்தை யாரும் போய்ப் பார்த்ததில்லை. தெரு ஒத்துக்கொண்டது.

இந்த வருஷம் அவசரம் எதிர்வீட்டிலிருந்து வந்தது. ஆனந்தவல்லியின் கணவர் மகாதேவன் போய்ப் பதினோரு வருஷமாகிறது. துலா மாசம், அதாவது ஐப்பசி, தேய்பிறை சஷ்டி. இந்த வருஷம் சஷ்டி சனிக்கிழமையும் கொஞ்சம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் இருந்தது. காலண்டர் சனி என்றது. போனில் வருகிற பஞ்சாங்கம் ஞாயிறு என்றது. சிராத்தம் பண்ணிவைக்கிற வாத்தியாரைக் கேட்டதற்கு நாகு மாமா ஷீட்டில் எப்படியோ அப்படி என்று ஒதுங்கிவிட்டார். மகன் கைலாஷ் மஸ்கட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் இருக்கிறான். ஒரே ஒரு நாள் லீவு கொடுப்பார்கள். தேதியை இன்று ஒன்பதரைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் அது இன்னொருத்தனுக்குப் போய்விடும். வந்து இறங்கி, பிண்டம் போட்டு, திரும்ப விமானம் ஏற வேண்டும். நாள் தப்பினால் அப்பாவுக்கு இந்த வருஷம் இல்லை. காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன் மன்னி என்று நாகேஸ்வரன் நேற்றே வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆறு நாற்பதுக்குப் பூட்டுத் திறந்தது. மறுபடி கட்டத்தின் முன் உட்கார்ந்தார்.

பாஸ்வேர்டு வைப்பதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. மாற்றுகிற நாளின் நட்சத்திரம், அதோடு வருஷம். எழுதி வைக்க வேண்டாம், மறக்கவும் மறக்காது, உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாது. போன வருஷ ஷீட்டின் அடியில் அச்சிட்ட தேதி இருந்தது. அன்று வேலை முடித்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றி மூடியதும் ஞாபகம் இருந்தது. போன வருஷக் காலண்டரைச் சாவித்ரி மளிகை அலமாரித் தட்டில் விரித்திருந்தாள். பருப்பு டப்பாக்களை இறக்கிவிட்டுப் பார்த்திருந்தார். அந்தத் தேதியில் சித்திரை. சித்திரையைத்தான் மூன்று தடவை அடித்துப் பூட்டு வாங்கியிருந்தார்.

இந்தத் தடவை தன் நட்சத்திரத்தை அடித்தார். சாவித்ரியின் நட்சத்திரத்தை அடித்தார். காப்பி கொண்டுவந்த சாவித்ரி பின்னால் நின்று பார்த்தாள்.

"என் நட்சத்திரம் ஞாபகம் இருக்கே. அதுவே போரும்" என்றாள்.

மூன்றாவதாகப் பத்மநாபசுவாமி நட்சத்திரத்தை அடித்தார். பெருமாளையும் சேர்த்து அரை மணி வெளியே நிறுத்தியது.

ஏழு மணி அடிக்கும்போது கௌரவத்தை மடித்து வைத்துவிட்டுப் போனை எடுத்தார். பாறசாலையில் நேசமணி வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செக்ஷனில் நாகேஸ்வரனுக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் இருந்தவர். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அதிகமாகப் பூட்டப்பட்டவரும் அவர்தான். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டின் அடியில் ஒட்டியதற்காக ஒரு தடவை மெமோ வாங்கியிருக்கிறார். பூட்டியிருக்கிற எக்ஸ்பியைத் திறக்க ஏதாவது வழி உண்டா, பொதுவாகக் கேட்கிறேன் என்றார் நாகேஸ்வரன். கேட்பது யாருக்காக என்று நேசமணி விசாரித்தார். ஒரு நண்பருக்காக என்றார் இவர். நேசமணி மோட்டாரை நிறுத்தினார்.

"சாரே, கோபப்படப்பிடாது. சாருக்க பாஸ்வேர்டு செக்ஷன்ல எல்லாவருக்கும் அறியும்."

நாகேஸ்வரன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"சாரு லீவுல போனா பைலெல்லாம் சாருக்க மெஷின்ல அடைஞ்சு கெடக்கும். நாங்க என்ன செய்ய? மாத்தின அன்னைக்கு நட்சத்திரம், பொறவு வருஷம். மாத்தின நாளு அறியும். அன்னைக்கு எங்களையும் மாத்தச் சொல்லி நிக்கவெச்சு உபதேசிப்பீங்களே. நான் மேசைக்குள்ள ஒரு பஞ்சாங்க காலண்டர் வெச்சிருந்தேன். எங்க சர்ச் சபைக்காரங்க பாத்திருந்தா என்னைய நீக்கியிருப்பாங்க."

மெமோ கொடுத்த அன்றும் அந்தக் காலண்டர் மேசைக்குள் இருந்திருக்கும். அதை நினைத்துக்கொண்டு, காலண்டரைத் தானும் பார்த்தாயிற்று, சித்திரை, திறக்கவில்லை என்று நாகேஸ்வரன் சொன்னார். நண்பர் காணாமல் போய்விட்டதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"அப்பம் முந்தின நட்சத்திரம் போடுங்க சாரே. நாலு தடவையில ஒரு தடவை அப்படித்தான் வரும். காலண்டர்ல உள்ளது ஏக்காது. அதுக்கு முந்தினதைப் போட்டா திறந்துரும்."

"ஏன் அப்படின்னு நீங்க யாரும் கேக்கலியா?"

"சாரு ஐயரு. சாருக்கு வேற கணக்கு காணும்னு நினைச்சோம்."

ஏழு பத்துக்குப் பூட்டு விலகியது. அஸ்தம் என்று அடித்து வருஷத்தைச் சேர்த்தார். திரை நீலமாயிற்று. பழைய வரவேற்புச் சங்கீதம் ஒலித்தது. அது முடிகிற வரைக்கும் நாகேஸ்வரன் சந்தோஷமாக இருந்தார்.

அஸ்தம் எங்கிருந்து வந்தது? பாஸ்வேர்டை மாற்றும்போது அவர் காலண்டரைப் பார்ப்பதே இல்லை. புரோகிராமின் தலையில் அன்றைய நட்சத்திரம் ஓடும். அதைப் பார்த்துத்தான் அடிப்பார், ஆபீஸிலும் வீட்டிலும். ஆக அவருடைய புரோகிராம் நாலு நாளில் ஒரு நாள் நட்சத்திரத்தைப் பின்தங்கிச் சொல்லியிருக்கிறது. அது பாறசாலையில் வாழை வைத்திருக்கும் நேசமணிக்குத் தெரிந்திருக்கிறது. காண்டீனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதியவருக்குத் தெரியவில்லை.

நட்சத்திரமும் திதியும் ஒரே சந்திரனிலிருந்துதான் வருகின்றன.

மகாதேவனின் பெயரை எடுத்தார். உயிர் பிரிந்தது விடியற்காலை நாலு பத்து. சஷ்டி என்றது புரோகிராம். சாவித்ரியின் போனைக் கேட்டு வாங்கினார். போன் பஞ்சாங்கத்தை அவர் சிரித்துத் தள்ளாத நாள் கிடையாது, அதனால் எதற்கு என்று அவள் கேட்டாள். சும்மா என்றார். அந்தத் தேதியைத் தேடிப் பிடித்தார். சஷ்டி அன்று ராத்திரி ஒன்று இருபதுக்கு முடிந்திருந்தது. நாலு பத்துக்குச் சப்தமி.

புரோகிராமைப் பிரித்து உள்ளே போனார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நம் மணியிலிருந்து உலக மணிக்குப் போக ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முறையாகக் கழித்திருந்தார். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, முன்பு கழித்ததை மறந்துவிட்டு, வேறொரு இடத்தில் மறுபடியும் கழித்திருந்தார். பக்கத்தில் தனக்குத் தானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார்: இதை யாரும் தொடக் கூடாது.

தொட்டார். ஒரு வரியை அழித்துவிட்டு ஓட்டினார். தெருவின் நூற்றுப் பன்னிரண்டு பேரில் இருபத்தாறு பேருக்குத் திதி மாறியது. அந்த வரிசையில் அவருடைய சித்தப்பா இருந்தார். சாவித்ரியின் அப்பா இருந்தார். மகாதேவன், சப்தமி. சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை. திங்கள்.

எட்டரை ஆகியிருந்தது. நாகேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தார். அழித்த வரியைத் திரும்ப எழுத ஒரு நிமிஷம் போதும். ஞாயிறு என்று சொன்னால் ஆனந்தவல்லிக்கு நிம்மதி, கைலாஷுக்கு லீவு, வாத்தியாருக்கு ஒரு வேஷ்டி. தெருவுக்கு ஷீட் உண்டு, ஷீட்டுக்கு நாகு மாமா உண்டு. நேசமணி கரமனைக்கு வந்து சொல்லப்போவதில்லை. விரல் கீபோர்டு வரைக்கும் போயிற்று.

பழைய வாத்தியார்தான் குறுக்கே வந்தார். காலமாகி ஆறு வருஷமாகிவிட்ட மனிதர். மகாதேவனைத் தைக்காட்டில் எரித்துவிட்டு வந்த அன்று, கிழிந்த பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சப்தமி என்று சொன்னார் அவர். நாகேஸ்வரன் வீட்டுக்கு ஓடி ஒரு பிரிண்ட் எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் நீட்டினார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார். மலையாளத்திலும் ஒரு தடவை சொன்னார், ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்ததால். வாத்தியார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நீ படிச்சவன் என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று நாகேஸ்வரனுக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. அதை இப்போது நினைத்தபோது காது சுட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். தாள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனந்தவல்லி ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தவள். சாப்பாட்டு மேஜையில் போனையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோட்டில் சனி என்று ஒரு பத்தி, ஞாயிறு என்று ஒரு பத்தி. இரண்டுக்கும் விமான நேரம் எழுதியிருந்தாள்.

"சனியா, ஞாயிறா?"

"திங்கள், மன்னி."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நாகேஸ்வரன் நின்றுகொண்டே சொன்னார். நேசமணியிலிருந்து ஆரம்பிக்கலாமா, சந்திரனிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று தெரியாமல் இரண்டிலிருந்தும் ஆரம்பித்தார். உலக மணிக்கு வந்தபோது அவள் பென்சிலை எடுத்தாள். நாலு பத்து என்று எழுதி, ஐந்தரையைக் கழித்து, விடையிலிருந்து இன்னொரு ஐந்தரையைக் கழித்துப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை கழிச்சுட்டே."

"ஆமாம்."

"ஆறாங்கிளாஸ்ல பண்ற தப்பு. பாதி மார்க் போடுவேன்."

அதற்குள் போன் அடித்தது. கைலாஷ். மாமா என்ன சொன்னார் என்று அவன் கேட்டது நாகேஸ்வரனுக்கும் கேட்டது. சனிக்கிழமைக்கு விமானம் நிறைய இருக்கிறதாம்.

"திங்கட்கிழமை எழுதிக் குடுத்துடு" என்றாள் அவள். "ஆமாம், திங்கள்தான். நாகு பார்த்தாச்சு."

ஏன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். வந்ததும் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். நோட்டில் சனியை அடித்தாள், ஞாயிறை அடித்தாள், மூன்றாவதாக ஒரு பத்தி போட்டுத் திங்கள் என்று எழுதினாள். டீச்சர் எழுத்து. கோணவில்லை.

போய்விடலாம் என்று நாகேஸ்வரன் நினைத்தார். இன்னும் இருபத்தைந்து பேர் இருந்தார்கள். வாசல் வரைக்கும் வந்து செருப்பில் ஒரு காலை நுழைத்தும்விட்டார். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, பையனைக் கூப்பிட்டு நிறுத்துகிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டாள்.

"அப்போ பதினோரு வருஷமா, முந்தின நாளே நம்மாத்துக்கு வந்து இலைல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனது யாரு, நாகு?"