எண்பத்தாறு கிலோ மாமனார்

பெல்ட் போட்டுத் தூக்குவதா, போடாமல் தூக்குவதா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இரண்டு மாதம் இதே பேச்சைக் கேட்டுக் காது புளித்துப்போனவன் நான். பேண்ட் நழுவாமல் இருக்கப் போடுகிற பெல்ட்டைச் சொல்லவில்லை. ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல்பட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். என் தொழிலில் தூக்க வேண்டிய மிகப்பெரிய பாரம் ஒரு டப்பா ஸ்க்ரூ. என் எடை ஐம்பத்தாறு கிலோ, அதுவும் சாப்பிட்ட பிறகு. அப்படிப்பட்டவன் நாற்பத்தாறு வயதில் ஜிம் படியேறினேன் என்றால் அதற்கு ஒரே காரணம் என் மாமனார்.

மாமனார் எண்பத்தாறு கிலோ. சரக்குக் கிடங்கில் முப்பது வருஷம் மேஸ்திரி. மாமியார் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர், வீட்டையும் கிடங்கு மாதிரியே நடத்தினார். நான் ஒரு நாற்காலியை நகர்த்தினால் போதும், உள்ளேயிருந்து, "மாப்ளை, முதுக வளைக்காதீங்க!" என்று குரல் வரும். நாலு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்து, எலும்பு கூடும்வரை கால் ஊன்றவே கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, இரவு நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. தினமும் இரண்டு தூக்கு.

என் மனைவியால் தூக்க முடியாது. போன வருஷம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து தண்ணீர் வாளியைக்கூட நான்தான் தூக்குகிறேன். அதனால் ஆள் வைத்தோம். முதல் ஆள் பத்தொன்பது நாள் இருந்தான். இரண்டாமவன் பதினோரு நாள். "ஐயா நல்ல மனுஷன்தாங்க, அந்த வாய மட்டும் தாங்க முடியல" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான். மூன்றாமவன் தாக்குப் பிடித்தான். காரணம், அவன் காதிலிருந்து பாட்டு கேட்கிற இயர்போனைக் கழற்றியதே இல்லை. அவனும் ஒருநாள், வேறு வேலை கிடைத்துவிட்டது, இரண்டு மாதத்தில் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டான்.

விஷயம் மனைவியின் அண்ணன் காதுக்குப் போனது. மச்சான் உடனே போன் செய்தார்.

"மாப்ள, தப்பா நினைக்காத. உன் உடம்பு என்ன, அப்பா உடம்பு என்ன? ஒரு நல்ல முதியோர் இல்லமா பாத்து வச்சிருக்கேன். அந்த ஆள் போன மறுநாள் ஞாயித்துக்கிழமை. நான் வண்டியோட வரேன். நீ அப்பாவ நாற்காலிக்கு மாத்திக் காட்டிட்டா, சரி, உன் வீட்டுலயே இருக்கட்டும். இல்லேன்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக என் வீட்டில் நான் நிமிர்ந்தால் குற்றம், குனிந்தால் குற்றம். போகட்டுமே என்று நினைத்தேன். மனைவி குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரமே இல்லாத தொட்டி முன் நின்று அழுதாள். அது கூடப் பரவாயில்லை. அன்று சாப்பாட்டில் உப்பு கரித்தது. மாமனார் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மொத்தத்தையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றார். மூன்று வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து 'நல்லாருக்கு' வந்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே ஜிம்மில் சேர்ந்தேன்.

டயர் கடைக்கு மேல்மாடி. மாஸ்டருக்கு வயது முப்பது இருக்கும். கழுத்தும் தலையும் ஒரே அளவு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேணும்ணே? உடம்பு ஏத்தணுமா?"

"மாமனாரத் தூக்கணும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தரையிலிருந்து கம்பியை இடுப்பு உயரத்துக்குத் தூக்குகிற பயிற்சியில் விட்டார். முதல் நாள் வெறும் கம்பி. இருபது கிலோ. வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தவன் எழ அரை மணி நேரமானது. ஆனால் மூன்று வாரத்தில் ஐம்பது வந்தது. ஐம்பது வந்ததும் சனியனும் கூடவே வந்தது. பெல்ட்.

அந்த ஜிம்மில் இரண்டு கட்சி. பெல்ட் கட்சித் தலைவர் ஒரு பேக்கரிக்காரர். தண்ணீர் பாட்டில் எடுக்கக்கூடப் பெல்ட்டோடுதான் குனிவார். எதிர்க்கட்சித் தலைவர் ஒரு பல் டாக்டர். பெல்ட் கட்டினால் முதுகு சோம்பேறியாகிவிடும் என்பார். நான் கம்பி முன் நின்றால் போதும், ஒருவர் "கட்டு" என்பார், இன்னொருவர் "கழட்டு" என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மாவா?

மாஸ்டரைக் கேட்டேன். "சின்ன எடைக்கு வேணாம்ணே. வயிறும் முதுகும் தானா வேல செய்யக் கத்துக்கணும். பெரிய எடை வரும்போது கட்டிக்கலாம்" என்றார்.

"எது பெரிய எடை?"

"மத்தவங்களுக்குன்னா கணக்கு இருக்கு. உங்களுக்கு எல்லாமே பெரிய எடைதான்."

வாங்கினேன். கடைசித் துளையில் மாட்டியும் அது என் இடுப்பில் வளையல் மாதிரி சுழன்றது. கடைக்கு எடுத்துப்போய், ஃப்ரேம் இல்லாத கண்ணாடிக்கு லென்ஸில் துளை போடுகிற மெஷினில் வைத்து நாலு துளை போட்டேன். மெஷின் ஊசி இரண்டு உடைந்தது. முதலாளி என்னைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். நல்ல மனுஷன்.

மூச்சை இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்டவைத்து, கடைசிவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போட்டோவுக்கா நிக்கிறீங்க? வயித்த உள்ள இழுத்தா பெல்ட் எதுக்கு? மூச்ச நல்லா இழுத்து, வயித்த வெளிய தள்ளி, பெல்ட் மேல முட்டுக் குடுங்கண்ணே!" நானும் தள்ளினேன். அவர் என் வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்து, "தள்ளுங்க" என்றார். "தள்ளிட்டேன் மாஸ்டர்" என்றேன். பேக்கரிக்காரர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

வீட்டிலும் அதே பஞ்சாயத்து. பெல்ட்டைப் பார்த்ததும் மாமனாருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "முப்பது வருஷம். என் கண்ணு முன்னாடி லட்சம் மூட்ட ஏறி எறங்கியிருக்கு. ஒருத்தன் இடுப்புல பெல்ட் பாத்திருப்பேனா?"

"அவங்களுக்கெல்லாம் இப்ப முதுகு எப்படிப்பா இருக்கு?" என்றாள் மனைவி.

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மாதம் முடிவதற்குள் தொண்ணூறு கிலோ தூக்கிவிட்டேன். பெல்ட்டோடுதான். மாமனாரைவிட நாலு கிலோ அதிகம்! பல் டாக்டரே கை தட்டினார். வழியில் பார்க்கிறவர்களையெல்லாம், இவர் எத்தனை கிலோ இருப்பார், தூக்கிவிடலாமா என்று எடைபோட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆள் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினான். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மாமனார் நாற்காலி முன் போய் நின்றேன். இரும்புக் கம்பிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வைத்த இடத்தில் இருக்கும், பேசாது. மாமனார் அப்படியா? கைகளை அவர் அக்குளுக்குள் கொடுத்து, மூச்சை அடக்கி, வயிற்றைத் தள்ளித் தூக்கினேன். பெல்ட்டின் பித்தளைக் கொக்கி அவர் தொப்பையில் குத்தியது. "ஐயோ, கொல்றானே!" என்று அவர் துள்ள, எனக்குக் கால் பின்ன, இரண்டு பேரும் சேர்ந்து கட்டிலில் விழுந்தோம். எண்பத்தாறு கிலோவும் என் மேல். மூக்கோடு மூக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"இந்தக் கொக்கியாலதான் மாமா..." என்றேன், மூச்சு வராமல்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர், என் மேலிருந்தே.

மனைவி வந்து உருட்டிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெல்ட்டைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு அழுதேன். தொண்ணூறு கிலோ தூக்கி என்ன பிரயோஜனம்? விடிந்தால் ஞாயிறு.

ஒன்பது மணிக்கெல்லாம் மச்சான் வந்துவிட்டார். வாசலில் வண்டி. கையில் மாமனாரின் துணிமணிக்கென்று ஒரு காலிப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதே நேரத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோதெரபிப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர்தான் அனுப்பினாராம், எலும்பு கூடிவிட்டதாம். இனிமேல் கால் ஊன்றலாமாம். என்னைவிடச் சின்ன உருவம். தோளில் ஒரு துணிப்பை.

அவள் உட்காருவதற்குள் வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. பெல்ட் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள் என்று மனைவி. பெல்ட்டாவது கில்ட்டாவது என்று கட்டிலில் உட்கார்ந்தபடி மாமனார். எதைக் கட்டினாலும் இது நடக்காது மாப்ள என்று மச்சான். அந்தப் பெண் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெல்ட் கண்டிப்பா போடணும்" என்றாள்.

"கேட்டீங்களா?" என்று மனைவி மூலையிலிருந்து என் தோல்பட்டையை எடுத்து வந்தாள்.

"அது இல்லம்மா. சாருக்கும் இல்ல. ஐயாவுக்கு."

பையிலிருந்து ஒரு துணி பெல்ட்டை எடுத்தாள். கெட்டித் துணி, இரண்டு பக்கமும் கைப்பிடி தைத்தது. மாமனார் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். "சார், நீங்க இந்தப் பிடியப் பிடிச்சுக்கங்க. தூக்கக் கூடாது. எழுந்திருக்கறது ஐயா வேல. அவர் சாயாம பாத்துக்கறதுதான் உங்க வேல."

மாமனார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நானா? எழுந்திருக்கணுமா?" அந்தக் குரல் எனக்குப் புதிது. "விழுந்துட்டேன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் பயந்துபோயிருக்கிறார். குளியலறைத் தரையில் விழுந்து கிடந்த அந்த நாளிலிருந்து பயந்துகொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் யார் தூக்குவது, எதைக் கட்டிக்கொண்டு தூக்குவது என்று கத்திக்கொண்டிருந்தோம்.

"நான் பிடிச்சிருக்கேன் மாமா" என்றேன்.

அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து வைத்தாள். என் முழங்காலை அவருடைய பலவீனமான முழங்காலுக்கு முட்டாகக் கொடுக்கச் சொன்னாள். "ஐயா, முன்னால சாஞ்சு, கால அழுத்தி எழுந்திருங்க. நீங்களே எண்ணுங்க. மூணு சொன்னதும்."

"ஒண்ணு" என்றார். "ரெண்டு" என்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் பெட்டியைக் கீழே வைத்தார்.

"மூணு."

எழுந்தார். கை கால் எல்லாம் வெடவெடவென்று நடுங்க, என் தோளைப் பற்றிக்கொண்டு மெதுவாக, மெதுவாக எழுந்து நின்றுவிட்டார்! நாலு மாதமாக உட்கார்ந்தே பார்த்ததில், இவர் என்னைவிட ஒரு தலை உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் தூக்கவில்லை. துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூச்சு விட மறந்து நின்றேன்.

"அப்படியே திரும்பி நாற்காலில உக்காரலாம் ஐயா" என்றாள் அந்தப் பெண்.

அவர் அசையவில்லை. என் தோளில் ஈரம் பட்டது. குனிந்து, மகனுக்கும் மகளுக்கும் கேட்காமல், என் காதுக்குள் கேட்டார்.

"மாப்ளை. நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

இரண்டு மாதமாக நான் என் முதுகைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் நாலு மாதமும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, கேட்க வாய் வராமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"மாமா" என்றேன். "நீங்க என் கால் மேல நிக்கிறீங்க."

"தெரியுது. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நாளைக்குக் காலைல கொஞ்சம் தள்ளி நில்லுங்க."