வால் குட்டையான தகைவிலான்

1

இருந்தவர்கள்: அட்டைப்பெட்டிக் கிடங்கின் பொறுப்பாளரான அக்கா, அவளுடைய தம்பி, கட்டடத்தை வாங்கியவர்கள் அனுப்பிய சாவிக்காரர், உத்தரத்துக் கூட்டுக்கு வந்துபோகும் ஒரு தகைவிலான் குருவி.

நான் இல்லை. தம்பி என்னோடு இரவு வேலை பார்த்தவன். என்னைப் போலவே பாதியில் விட்டவன். "அன்னைக்கு நான் வாயத் தெறக்கல" என்று ஒருமுறை சொன்னான். அதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை. இடைவெளிகளை நிரப்பியது என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மாலை வெயில் கிடங்கின் தரையில்...

வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

இரண்டாவது: ஏணி உட்பட எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. நான்கு மணிக்குக் கதவைப் பூட்டிச் சாவி தர வேண்டும். மறுபடி திறக்க மூன்று மாதம் ஆகும். ஜன்னல் கிடையாது. கூட்டில் குஞ்சு இருந்தால் பட்டினியில் சாகும்.

"டேய், கழுத்து சுளுக்க அண்ணாந்து பாப்பியே. உள்ள குஞ்சு இருக்கா?"

"பறந்துடுச்சுக்கா. இப்ப வந்துட்டுப் போறதே குஞ்சுதான். வால் குட்டையா இருக்கு பாரு."

"நல்லாப் பாத்தியா?"

"ஆமா."

"வேலைய விட்டப்ப நல்லா யோசிச்சியான்னு கேட்டதுக்கும் இப்படித்தான் ஆமான்னே."

3

(கதை நகரும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆணுக்கு வாலின் இரு ஓரத்திலும் கம்பிபோல் நீண்ட இறகு. பெண்ணுக்கு அது சற்றுக் குட்டை. இளம் பறவைக்கு இன்னும் குட்டை. அதன் தொண்டை வெளிறியிருக்கும், வாயோரம் மஞ்சள். ஆனால் பெரிய பறவையின் வாலிறகும் ஒடியும். தம்பி வாலை மட்டும் பார்த்தான்.)

4

குருவி மறுபடி வந்தது. அவன் தலைக்கு மேலே தாழ்ந்து திரும்பியது. தொண்டை அழுத்தமான செங்கல் நிறம். வாயோரத்தில் மஞ்சள் இல்லை. குஞ்சு இல்லை இது. தாய், அல்லது தகப்பன்.

"அக்கா, நான் தப்பா..."

இந்த வரியை அடித்துவிட்டேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். வீட்டில் அவன் சொல் எடுபட்டு வருஷமாகிறது. அன்று அக்கா கேட்டாள், நம்பினாள். கிடைத்த நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"என்னம்மா, மணி நாலாச்சு. குருவிக்கும் ரசீது எழுதணுமா?" என்றார் சாவிக்காரர்.

"வந்துட்டேங்க. தம்பி பாத்துட்டான்."

5

முடிவுகள். ஒன்று: அவன் வாயைத் திறக்கிறான், ஏணியை இறக்குகிறார்கள். இரண்டு: கூடு காலி, பெரிய பறவை பழக்கதோஷத்தில் வந்துபோயிருக்கிறது. இரண்டாவதைத்தான் அவன் இன்றுவரை நம்பப் பார்க்கிறான். அதையும் எழுதினேன். அவனுக்காக எழுதியது அது, உங்களுக்கில்லை.

எனக்கு மிஞ்சுவது இவ்வளவு: குருவி வெளியே மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. தம்பி அந்தப் பக்கம் திரும்பாமல் லாரியில் ஏறினான். குருவியின் அலகில் குஞ்சுக்கான பூச்சி இருந்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா கடைசியாக வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.