படம் எடுக்கப் பயந்த வீடு

அழகுத்தாய் அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு இருமினாள். குழம்பு அடிப்பிடித்து வாடை அடித்தது. எழுந்து இறக்கி வைக்க அவளுக்குத் தெம்பில்லை. மில்லில் ஷிப்டு முடித்து அலுத்துப்போய் வந்த புருஷன் சுந்தரபாண்டியன்தான் அடுப்பை அணைத்தான்.

"ஏட்டி, கருப்பட்டியக் கடிச்சிக்கோ. தீக்குச்சி மருந்து நெடிதான், ரெண்டு நாள்ல சரியாப் போவும்."

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண் இருமினால் எல்லாரும் சொல்வது இதுதான். மருந்து நெடிக்கு உடம்பு அனலாய்க் கொதிக்குமா? அது அவனுக்கும் தெரியும். டாக்டரம்மா காய்ச்சல் கண்ட அன்றைக்கே, "நெஞ்சைப் படம் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தார். இவன்தான் அவளை நேரே வீட்டுக்குக் கூட்டிவந்து, மெடிக்கலில் ஏதோ மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டான்.

எக்ஸ்ரே அறை வாசலில் நின்றாலே காசநோய் என்று கதை கட்டிவிடுகிற தெரு அது. மகள் ஐஸ்வர்யாவுக்கு அந்த வாரம்தான் நிச்சயதார்த்தம். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாவும்? விசேஷம் முடியட்டும்" என்றான். பாவி மனுஷன், பொண்டாட்டி மூச்சைவிடத் தெருப் பேச்சு அவனுக்குப் பெரிதாய்ப் போயிற்று.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில் தண்ணீர் கேட்கக்கூட அவளுக்கு மூச்சு போதவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அப்புறம்தான் பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தான்.

எக்ஸ்ரே எடுக்கிற சாஜிதா, "மூச்சை இழுத்துப் பிடிங்கக்கா" என்றாள். எங்கே பிடிக்க? இழுத்தால் இருமல்தான் வந்தது. தோளைத் தாங்கி நிறுத்தி, ஒருவழியாய் எடுத்து முடித்தாள்.

படத்தில் நெஞ்சின் இரண்டு பக்கமும் பஞ்சை அப்பினாற்போல் வெள்ளையாய்க் கிடந்தது. சளியையும் சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "காசநோய் இல்ல. வைரஸ் காய்ச்சல், நுரையீரல்ல இறங்கிருச்சு. படம் எடுத்தா நோய் போயிராது. ஆனா எவ்வளவு பரவியிருக்குன்னு தெரியும், அதுக்குத் தக்கன வைத்தியம் பாப்போம். அன்னைக்கே வந்திருந்தா இவ்வளவு முத்த விட்டிருக்க மாட்டோமே."

ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்தார்கள். சாயங்காலம்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா பேபி போனில் வந்தாள்.

"அண்ணாச்சி, மதினிக்கு முடியலையாமே, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல தாயி, லேசா தலைவலி..."

அழகுத்தாய் ஆக்சிஜன் முகமூடியைக் கையால் விலக்கினாள். "ஊருக்குத் தெரிஞ்சிரும்னு பயந்தியளே," என்றாள் விட்டு விட்டு. "நான் செத்தா மட்டும் ஊருக்குத் தெரியாதா?"

சுந்தரபாண்டியன் முகமூடியைச் சரியாகப் பொருத்திவிட்டு, வார்டே கேட்கும்படி போனில் சொன்னான்.

"பொய் சொல்லிட்டேன் தாயி. நெஞ்சுல வைரஸ் காய்ச்சல், ஆக்சிஜன் வச்சிருக்கு. நிச்சயத்தைத் தள்ளி வைப்போம். சீக்கு வர்றது வெக்கமில்ல. அதை மறைச்சு ஆளைக் கொல்லப் பாத்தேனே, அதுதான் வெக்கம். டாக்டர் படம் எடுக்கச் சொன்னா அன்னைக்கே எடுத்துரணும்னு உங்க தெருவுலயும் சொல்லி வைங்க."